கட்டிலுக்கு அடியில் ஒரு மூச்சு

"இது யாரோட மூச்சு? உயிர் போற நேரத்துல பக்கத்துல உக்காந்து பதிவு பண்ணினியா?"

ஒலிப்பதிவு ஆசிரியர் போட்ட சத்தத்தில் அரங்கம் அடங்கிப்போனது. திரையில் படத்தின் ஒரு காட்சி உறைந்து நின்றிருந்தது. இருட்டறை, ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து நீளும் ஒரு கை.

மாணவர்கள் எடுத்த பேய்ப்படம். படம் முடிந்ததும் ஒவ்வொருவராக மேடையேறி, எப்படி எடுத்தோம் என்று பெற்றோர் முன்னால் சொல்ல வேண்டும். கேமராக்காரன் உடைந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தள்ளிவிடச் சொல்லிப் படம்பிடித்ததைச் சொன்னான். பேயாக நடித்தவள், முகத்தில் பூசிய பீட்ரூட் சாறு போகாமல் சிவப்பாகவே பஸ் ஏறிய கதையைச் சொன்னாள். சிரிப்பும் கைதட்டலுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மைக் 'சைலண்ட்' கைக்கு வரும்வரை.

சைலண்ட் என்பது பட்டப்பெயர். கேட்டால் மட்டும் பேசும் அந்தப் பெண்தான் படத்துக்கு ஒலி. கட்டிலுக்கு அடியில் கேட்கும் மூச்சு அவள் கைவரிசை. உறுமலா முனகலா என்று பிரிக்க முடியாது. உள்ளே இழுக்கும்போது யாரையோ விழுங்குகிற மாதிரி இருக்கும். பெற்றோரில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஆசிரியரின் மனைவி மட்டும் சாவகாசமாகக் கொட்டாவி விட்டார்.

"நம்ம ஒலிப்பதிவு ரூம்லதான் சார் எடுத்தேன். வேகத்தை மட்டும் குறைச்சேன்" என்றாள் சைலண்ட்.

"பொய்! அந்த ரூம் சாவி என் பாக்கெட்டுல. நீங்க பதிவு பண்ணின ஒவ்வொரு சாயங்காலமும், நாள் முழுக்க கிளாஸ் எடுத்த அலுப்போட, அங்கேயே ஒரு நாற்காலியில நான் உக்காந்திருந்தேன். கதவு கிறீச்சிட்டதைக் கேட்டேன். பாத்திரம் உருண்டதைக் கேட்டேன். இந்தச் சத்தத்தை நான் கேக்கவே இல்லையே!"

படத்தை இயக்கிய நெட்டையன் மேடையோரத்தில் நின்று கணக்குப் போட்டான். வேறு எங்கிருந்தாவது திருடிய ஒலி ஒன்று இருந்தாலும் படம் தள்ளுபடி, மொத்தக் குழுவும் ஃபெயில். அவன் ஏற்கெனவே ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டவன். இன்னொரு தடவை என்றால் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த அப்பாதான் இன்று கடையை அடைத்துவிட்டு வந்து, பின்வரிசையில் முகம் இறுகி உட்கார்ந்திருந்தார்.

நெட்டையன் சைலண்டிடம் நெருங்கிக் கிசுகிசுத்தான். "எங்கேர்ந்து எடுத்தேன்னு சொல்லித் தொலையேன்!"

"முடியாதுடா. இத்தனை பேர் முன்னாடி வேண்டாம்."

"என் வாழ்க்கையே போகுது!"

"தெரியுது. ஆனா பாவம்டா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

யார் பாவம்? அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிஜமாகவே திருடிவிட்டாளோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

"கடைசியா கேக்கறேன்" என்றார் ஆசிரியர். "கேட்டு வாங்கின சத்தமா, கேக்காம எடுத்ததா?"

சைலண்ட் தலையைக் குனிந்துகொண்டாள். "கேக்காம எடுத்தது சார்."

அரங்கில் குசுகுசுப்பு கிளம்பியது. ஆசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றினார். நெட்டையனுக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால், தப்பே செய்திருந்தாலும் தன் படத்துக்காகத்தானே செய்தாள் என்றும் தோன்றியது. மனசு கேட்கவில்லை. அவளுக்கு முன்னால் போய் நின்றான்.

"சார், இயக்குநர் நான். என்னை ஃபெயில் போடுங்க. இவங்க எல்லாரையும் விட்டுடுங்க."

பின்வரிசையில் அப்பா எழுந்து நிற்பது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"தியாகியா நீ?" ஆசிரியர் மேஜையைத் தட்டினார். "எனக்குத் தெரியாம என் ரூம்ல ஒரு சத்தம் வர முடியுமா? நான் முழிச்ச கண்ணு முழிச்சபடி உக்காந்திருக்கேன்!"

அதற்குமேல் அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார்.

"பிள்ளைங்கள விடுங்க. அது உங்க குறட்டைங்க!"