காளியோடு எரிந்த வள்ளம்

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் குணரத்தினத்தாரின் வலக்கை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. கற்பூரத்தை அடித்து அணைத்தால்தான் சத்தியம். கை இறங்குவதாக இல்லை.

மீனவர் சங்கக் கட்டடம் நிரம்பி வழிந்தது. வருடக் கணக்காகக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூட அன்று காலையில் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். சும்மா கிடைக்கிற கூத்தை யார் விடுவார்கள்!

“ரெண்டு வள்ளத்துக்கும் சேர்த்துச் சத்தியம் பண்ணுங்கோ, தலைவர்,” என்றாள் பத்மாசனி. குரலில் அவ்வளவு மரியாதை.

இரண்டில் ஒன்று சஞ்சீவனுடையது. தலைவர் தேர்தல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. போன தேர்தலில் குணரத்தினத்தாரை எதிர்த்துப் பேர் கொடுத்தான். ஒரு கிழமைக்குள் வள்ளம் சாம்பல். புது வள்ளம். முன்பக்க அணியத்தில் காளி படம் கட்ட இன்னும் நாள் பார்த்திருக்கவில்லை. அதனால் ஊரும் பெரிதாக அழவில்லை.

மற்றது பத்மாசனியுடையது. இந்தத் தேர்தலுக்குப் பேர் கொடுத்தாள். மூன்றாம் நாள் விடிய அதுவும் சாம்பல்.

இஞ்சின் தப்பிவிட்டது. அதை எல்லோரும் பொழுதுபட வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். காளியைத் தூக்குகிற வழக்கம் இல்லை. அணியத்தில் கட்டினால் கட்டினதுதான், வள்ளம் உடைந்து தீரும்வரை கை வைக்கக் கூடாது. “காளியோடை சேர்த்து எரிச்சுப்போட்டாங்களே, பாவியள்!” என்று கரை முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டது.

இந்தப் பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று ஊர் முதலில் கேட்டது. பிறகு பதிலையும் தானே கண்டுபிடித்தது.

புருசன் கடலில் செத்துப் போயிருந்தால் வசதியாக இருந்திருக்கும். கோணாமலையோ குத்துக்கல் மாதிரி பின் வாங்கில் இருந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்காக என்று சொல்லலாமென்றால், மகள் லக்சாயினி கந்தளாயில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். கடைசியில், நீதிக்காக நிற்கிறாள் என்று முடிவு செய்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஒன்பது வருடம் அவள் சங்கத்தின் செயலாளர். மண்ணெண்ணெய் நிவாரணம் கேட்டு, துறைமுகத்துக்குள் வலைவிட அனுமதி கேட்டு, எல்லாக் கடிதமும் எழுதுவது அவள். வாசித்தும் பாராமல், அடியில் வால் இழுத்துக் கையெழுத்து வைப்பது அவர். அரசாங்கக் கந்தோரில் அவருக்கு உட்காரக் கதிரை போடுவார்கள். அவள் பைலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

அவளுக்கு அந்தக் கதிரை வேண்டும். அந்தக் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான். ஒரு ஆம்பிளை ஆசைப்பட்டால் கெட்டிக்காரன், பொம்பிளை ஆசைப்பட்டால் ஊருக்கு ஒரு செத்தவீடாவது காட்டவேண்டியிருக்கிறது.

பயம் இல்லையா என்றால், இருந்தது. குணரத்தினத்தாருக்கு முன்னால் அவள் சீலை மடிப்புக் கலையாமல்தான் நின்றாள். அந்தச் சின்னச் சுடரைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

“இவவின்ரை வள்ளமெண்டால் இப்பவே அடிக்கிறன்!” குணரத்தினத்தார் கத்தினார். “அறிஞ்சும் அறியன்!”

“அப்ப என்ரை?” என்றான் சஞ்சீவன்.

மனுசன் பொலிஸுக்குப் பொய் சொல்லுவார், கோட்டில் பொய் சொல்லுவார், காளிக்கு மட்டும் சொல்லமாட்டார். நல்ல பக்திமான். வருடம் தவறாமல் தீ மிதிக்கிறவர். அவருக்குத்தான் அன்றைக்கு ஒரு துண்டுக் கற்பூரம் சுட்டது.

கையை இழுத்துக்கொண்டார்.

“அப்ப அவவையும் அடிக்கச் சொல்லுங்கோ!” என்றார்.

சபை வெடித்துச் சிரித்தது. தன்னுடைய வள்ளத்துக்குத் தானே நெருப்பு வைக்க, அதுவும் காளியோடு, அவளுக்கென்ன விசரா?

கோணாமலை மட்டும் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான், வேண்டாம் என்று.

பொய்ச்சத்தியம் செய்தால் காளி கண்ணைக் குத்துவாள். அந்தக் கரையில் பால் மறந்த பிள்ளைக்கும் அது தெரியும்.

பத்மாசனி முன்னால் வந்தாள். இப்போது சுடரைப் பார்த்தாள். தட்டுக்கு அந்தப் பக்கம் தலைவரின் கதிரை இருந்தது. கைபிடி உடைந்த பிளாஸ்டிக் கதிரை.

“ரெண்டு வள்ளத்துக்கும் நானில்லை.”

உள்ளங்கையால் அடித்தாள். கற்பூரம் அணைந்தது.

பிறகென்ன, வாக்குக் கேட்டபோது அவளுக்குக் கைகள் உயர்ந்தன. குணரத்தினத்தாரின் மச்சான்கூட உயர்த்தினார். அவருக்கும் காளியிடம் பயம்.

தலைவராக அவள் வைத்த முதல் கையெழுத்து, வள்ளம் எரித்தவர்களை உடனே கண்டுபிடிக்கும்படி பொலிஸுக்கு எழுதிய கடிதத்தில். உள்ளங்கை கொப்புளித்திருந்ததால் பேனா வழுக்கியது. ஆனாலும் வாலை அவரைவிட நீளமாக இழுத்தாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்தினாள். அலுமாரியைத் திறந்து, கூறைச் சீலைக்கு அடியில் கை விட்டு, காளி படத்தை வெளியே எடுத்தாள்.

கண்ணாடியில் கடலுப்புப் படிந்திருந்தது. புகைக்கறை ஒரு பொட்டும் இல்லை. அணியத்தில் கட்டியிருந்த நைலோன் கயிறு இன்னும் சட்டத்தில் தொங்கியது. அவசரப்படாமல் முடிச்சு அவிழ்த்து எடுத்த கயிறு.

சீலைத் தலைப்பால் அம்மனின் முகத்தைத் துடைத்தாள். கை எரிந்தது. கண் கலங்கியது.

“கண்ணைக் குத்துறதெண்டால் மூண்டு வருசம் கழிச்சுக் குத்தம்மா,” என்றாள். “இப்ப கையெழுத்து வைக்க வேணும்.”