கதவு எந்தப் பட்டியல்?

"கதவை உடைக்க உனக்கு அதிகாரம் கிடையாது!"

கண்ணாடிக்காரி போட்ட கத்தலில், தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடிவந்த நெட்டையன் அப்படியே நின்றுவிட்டான். வகுப்பறையை ஒட்டி, சாக்பீஸும் பழைய வினாத்தாளும் வைக்கிற சின்ன அறை. அதற்குள் வரி சார் மாட்டிக்கொண்டிருந்தார்.

பத்து வருஷமாக வரிச் சட்டம் மட்டும் நடத்துகிறவர், அதனால் அந்தப் பெயர். முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கூட்டாட்சி அரசியலமைப்பை அறிமுகப்படுத்தும் பாடத்தை அன்று காலைதான் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். வகுப்பைப் பார்க்க பிரின்சிபால் மேடம் வேறு வருகிறார். சொதப்பினால் அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாது. பாவம் மனிதர், சாக்பீஸ் எடுக்கிறேன் என்று உள்ளே போனார், கதவு திறக்கவேயில்லை.

"சார் வேலையே போயிடும். உடைச்சாத்தான் என்ன?" என்றான் நெட்டையன்.

"கட்டடம் மத்திய அரசு கட்டிக் கொடுத்தது. நம்மளுது மாநில அரசு காலேஜ். அவங்க கதவுல நாம எப்படிக் கை வைக்கிறது?"

உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. "நல்ல கேள்வி. நிலம் யாரோடது?"

"மாநிலத்தோடது சார்!" நெட்டையனுக்கு உயிர் வந்தது. "அப்போ அது மேல நிக்கிற கதவும் மாநிலத்தோடதுதான்!"

"ரெண்டு பேருக்கும் உரிமை இருக்குன்னா, யார் சொல்றது செல்லும்?" என்றது கதவு.

நாற்பது பேரும் பரபரவென்று பாடப்புத்தகத்தைப் பிரித்தார்கள். பாதிப் பேர் மத்திய அரசு ஆனார்கள், பாதிப் பேர் மாநிலம். கீல் பொதுப் பட்டியலில் வரும் என்றாள் ஒருத்தி. எந்தப் பட்டியலிலும் கீலே இல்லை என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான் இன்னொருத்தன்.

"பட்டியல்லயே இல்லாத விஷயம் யார் கைக்குப் போகும்?" உள்ளேயிருந்து எண்ணெய் ஊற்றினார் சார்.

கூட்டிக்கொண்டிருந்த துப்புரவு அக்கா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "இந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டே கிடையாதேம்மா."

"கேட்டியா! ஒரு பூட்டுகூடப் போடாத மத்திய அரசு, கதவுக்கு எப்படி உரிமை கொண்டாடும்?" என்று பாய்ந்தான் நெட்டையன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு வராந்தாவைக் கூட்டப் போய்விட்டாள்.

பிரின்சிபால் மேடம் வந்தபோது கண்ணாடிக்காரி மேஜை மேல் ஏறி நின்று மாநிலங்களை எச்சரித்துக்கொண்டிருந்தாள். சாரைக் காணோம், குரல் மட்டும் வந்தது. "சரி, ரெண்டு அரசும் விட்டுக்கொடுக்கலைன்னா முடிவு பண்றது யாரு?"

"கோர்ட்டு!" நாற்பது தொண்டையும் ஒன்றாகக் கத்தின.

"மேடம், சார் உள்ள மாட்டிக்கிட்டாரு" என்று ஆரம்பித்தாள் கண்ணாடிக்காரி.

"தெரியுதும்மா, தெரியுது. என்னமா யோசிச்சிருக்கார்! தான் கண்ணுலயே படாம உங்களையே பேச வச்சுட்டாரே. இருபது வருஷத்துல இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்ல."

மேடத்துக்குக் கண் கலங்கியே விட்டது. கையிலிருந்த படிவத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

மணி அடித்தது. வழக்கை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு மத்திய அரசும் மாநிலங்களும் கேன்டீனுக்கு ஓடின. உள்ளே ஒரு மனிதர் இருப்பது ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

அறை காலியானதும் துப்புரவு அக்கா வந்து கதவை மெதுவாகத் தட்டினாள்.

"எல்லாரும் போயாச்சு சார். தாழ்ப்பாளை எடுத்துட்டு வெளிய வாங்க."