மூன்றாவது ஸ்டிக்கர்

“நீங்க மனசு வச்சா முடியும்ணா.”

“நான் பாத்துக்கிறேன் தங்கச்சி. கவலைப்படாமப் போங்க.”

“அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

போன வருடம் இதே ஷெட்டில், டிபன் கேரியரைக் கைமாற்றிக்கொண்டபோது நளினியும் சோலையப்பனும் பேசியது அவ்வளவுதான். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கணவர் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆனால் சோலையப்பன் புரிந்துகொண்டார். போட்டின் பெட்ரோல் லைனைப் பரிசோதித்து ‘பாஸ்’ ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆளுக்கு வீட்டுச் சாப்பாடு எதற்கு வரும் என்று தெரியாதா என்ன?

அன்று அவர் ஸ்டிக்கரை ஒட்டியதும் நளினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு போட்டுக்காக இவ்வளவு சந்தோஷமா என்று அவருக்கே ஆச்சரியம்.

இன்று அதே வெள்ளை போட், டிரெய்லரில் ஏறி ஷார்ஜா தொழில்பேட்டைக்கு வந்து நின்றது. மூன்றாவது ஸ்டிக்கருக்காக.

“என்ன சோலையப்பன், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாமா? நாளைக்கு சம்யுக்தாவுக்கு பர்த்டே. நடுக்கடல்ல கேக் வெட்டப் போறோம்” என்றார் அனந்தகிருஷ்ணன், நளினியின் கணவர்.

“பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

“ரெண்டு வருஷமா பாத்ததுதானே? இந்த வருஷம் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?”

சோலையப்பன் சிரிக்கவில்லை. “சார், எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இந்த ஃபேனை நாலு நிமிஷம் ஓட விடுறீங்கள்ல? உள்ளே தேங்கின பெட்ரோல் ஆவி வெளியே போகணும்.”

“நாலு நிமிஷமா! சாவியத் திருப்பினா வண்டி கிளம்பணும்யா. அதான் வருஷா வருஷம் உங்க ஸ்டிக்கர் இருக்கே!”

காரில் சாய்ந்து நின்ற நளினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு வயது சம்யுக்தா இப்போதே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, “டாடி, டுமாரோ நான்தான் கேப்டன்!” என்று போட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

சோலையப்பன் மேலே ஏறி எஞ்சின் மூடியைத் தூக்கினார். குப்பென்று பெட்ரோல் வாடை.

டார்ச் அடித்துப் பார்த்தார். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கறுப்பு ரப்பர் ஓஸ். போட்டுக்கென்று செய்த ஓஸ் என்றால், தீயைத் தாங்கும் என்பதற்கான எழுத்துகள் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். இதில் ஒன்றும் இல்லை. யாரோ காருக்குப் போடுவதை வாங்கி மாட்டியிருந்தார்கள்.

அது அவருக்குப் புதிய செய்தி இல்லை. போன வருடமே கண்ணில் பட்டதுதான். ‘நல்ல மனுஷங்க, அடுத்த வருஷம் மாத்திக்கச் சொல்லிக்கலாம்’ என்று மூடியை மூடியவர் அவரேதான். நாக்கில் அப்போது முருங்கைக்காய் சாம்பாரின் ருசி இருந்தது.

இப்போது ஓஸை இறுக்கும் கிளாம்ப் பக்கத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. விரலை வைத்தார். ஈரம்.

பெட்ரோல் ஆவி மேலே எழும்பிக் காற்றோடு போய்விடாது. போட்டின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கிக் கிடக்கும். ஒரே ஒரு பொறி போதும். நாளைக்கு இதற்கு மேலே கேக்கை வைத்து மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறார்கள்.

லீவு நாள் தவறாமல் அந்தக் குழந்தை இதன் மேல்தான் உட்கார்ந்து போய் வந்திருக்கிறது. அவர் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி.

கீழே இறங்கி மேஜைக்கு வந்தார். இன்று மதியமே நளினி கேரியரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். லேபர் கேம்ப்பின் பருப்பிலும் குபூஸ் ரொட்டியிலும் மரத்துப்போன நாக்கு அவருக்கு. வத்தக்குழம்பை வழித்துச் சாப்பிட்டு, அடுக்குகளைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தார். சாப்பிட்ட கையால்தான் இப்போது எழுத வேண்டும்.

போன வருடமே பார்த்தேன் என்பதையும் சேர்த்து எழுதினால் வேலை போய்விடும். போகட்டும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது? தட்டு நிறையப் போட்டவளிடம், உன் மகளின் பிறந்தநாளைக் கெடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஃபாரத்தை எடுத்து எழுதினார். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து எழுதினார்.

அனந்தகிருஷ்ணன் ஃபோனில் பேசியபடி வாசலுக்குப் போனார். நளினி வேகமாக உள்ளே வந்தாள்.

“சாப்பாடு எப்படிணா இருந்துச்சு?”

அவர் ஃபாரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “தங்கச்சி, என்னை மன்னிச்சிடும்மா. உங்க கையால சாப்பிட்டுட்டு...”

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கண்கள் வாசலில் தெரிந்த கணவரின் முதுகிலேயே இருந்தன.

“அவர் வர்றதுக்குள்ள சொல்லிடறேண்ணா. ரெண்டு வருஷமா இதைக் கேக்கத்தான் கேரியரைத் தூக்கிட்டு வர்றேன். கிட்ட வந்ததும் வாய் அடைச்சுப் போயிடுது. வீட்ல நான் சொன்னா எடுபடாது. நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் அவர் கேப்பார்.”

“கேளும்மா” என்றார் சோலையப்பன், தலை நிமிராமல். என்ன கேட்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். இல்லை என்று சொல்லத் தயாராக ஃபாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நளினி இரண்டு கைகளையும் கூப்பினாள்.

“பிள்ளையை நினைச்சா பயமா இருக்கு. இந்த வருஷமாவது எங்க போட்டை ஃபெயில் பண்ணிடுங்கண்ணா!”