பெயர் வைக்காத பாத்திரம்

மேடைக்கு எழுதப் பழகும் வகுப்பில் அன்று எல்லோரும் தாங்கள் எழுதிய ஓராள் நாடகத்தை வாசித்தார்கள். சங்கவியின் நாடகத்தில் ஒரு பெண், தன்னைப் பார்க்க வரும் ஒருவனைப் பற்றிப் பேசினாள். பொய் சொல்லும்போதெல்லாம் அவன் சட்டைப்பையில் இல்லாத பேனாவைத் தேடுவானாம். வகுப்பே சிரித்தது. கூடப் படிக்கும் ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கணவனின் கை அப்படித் துழாவுவதைப் பதினோரு வருடமாகப் பார்த்து வருகிறாள். யாரிடமும் சொன்னதில்லை.

“இதை எங்கேம்மா பிடிச்சே?” என்று ரெஜினா கேட்டாள்.

“சும்மா கற்பனைதான்க்கா” என்று சங்கவி தாளை மடித்தாள்.

கணவன் தன்னை வகுப்புக்கு வண்டியில் கொண்டுவந்து விடும்போது சங்கவி வாசலில் பார்த்திருப்பாள் என்று ரெஜினா மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போகிறவன்.

“நல்லா வந்திருக்கு. ஆனா அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைங்க. கூப்பிட்டாத்தான் பார்க்கிறவங்களுக்கு ஆள் தெரிவான்” என்றார் பயிற்சியாளர் அமலன்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா சார்?” என்று கேட்ட ரெஜினா, தன் கணவனின் பெயரைச் சொன்னாள்.

சங்கவி தலை நிமிரவில்லை.

“அந்தப் பெயர் மட்டும் வேண்டாம்க்கா” என்றாள்.