எட்டு ஊர், முதல் வகுப்பு

பக்கத்து வீட்டுக்காரர்களின் சுற்றுலாவுக்காக இப்படி மாடாய் உழைத்த மனிதனை ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லி அதுவரை பார்த்ததில்லை. கிளைவ் வீட்டுச் சமையலறை மேஜையில் ஐரோப்பா வரைபடத்தை விரித்து, கிளைவின் மனைவி மோரீன் கொடுத்த தேநீர் ஆறிப்போனதையும் கவனிக்காமல், பாரிஸிலிருந்து வெனிஸுக்கு விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான் ரஸ்ஸல்.

"பாரிஸ், ரோம். பத்து நாள். எங்களுக்கு அது போதும்ப்பா" என்றார் கிளைவ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பிஸ்கட்டைக்கூடப் பாதியாக உடைத்து, மீதியை டப்பாவில் திருப்பி வைக்கிற ஆள்.

"அவ்வளவு தூரம் பறந்து போய் பத்து நாள்ல திரும்புறதா? விமானத்துல உக்காந்த இடுப்பு வலி போறதுக்கே பத்து நாள் ஆகும்" என்றான் ரஸ்ஸல். "ஒரு மாச ரயில் பாஸ் வாங்கிடுங்க. அறுபது தாண்டினவங்களுக்குத் தள்ளுபடி வேற. ரெண்டு ஊருக்குன்னா அந்த பாஸ் தண்டம். எட்டு ஊருக்குப் போனீங்கன்னா லாபம்."

லாபம் என்றதும் கிளைவ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரஸ்ஸலின் இந்தக் கரிசனத்துக்குக் காரணம் கிளைவின் கொல்லைப்புறத்தில் இருந்தது. பல வருஷங்களுக்கு முன், அந்த இடம் வெறும் புதர்க்காடாக இருந்தபோது, வேலை பார்த்த சுரங்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிய தங்கத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு அங்கே புதைத்திருந்தான். அடுத்த வாரமே போலீஸ் பிடித்துவிட்டது. எவ்வளவு குடைந்தும் தங்கம் எங்கே என்று அவன் வாய் திறக்கவில்லை. ஒன்பது வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்து பார்த்தால், புதர் இருந்த இடத்தில் ஒரு தெருவே இருந்தது. அவனுடைய தங்கத்தின் மேல் கிளைவ் கொல்லை முழுக்கச் செங்கல் பாவி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்தான். ஆனால் புதைத்த இடம் சரியாக நினைவில்லை. செங்கல்லைப் பெயர்த்து, தோண்டி, சந்தேகம் வராதபடி மறுபடி பதித்து முடிக்க ஒரு மாதமாவது வேண்டும். அதனால்தான் எட்டு ஊர்.

ஐரோப்பாவை அவன் கண்ணால் கண்டதில்லை. சிறை நூலகத்தில் கிழியாமல் இருந்த ஒரே புத்தகம் ஐரோப்பிய ரயில் கால அட்டவணை. வேறு வழியில்லாமல் அதையே மனப்பாடம் செய்திருந்தான்.

"வேக ரயில்ல பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியா காசு கட்டணுமாமே?" என்றார் மோரீன்.

"பிரான்ஸ், இத்தாலி மாதிரி சில இடத்துல கட்டணும். இப்பவே பதிவு பண்ணிட்டா மலிவு. என்ன, மலிவு டிக்கெட்டுக்குக் காசு திரும்ப வராது."

சொல்லும்போதே ரஸ்ஸலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. காசு திரும்ப வராது என்றால், காலே ஒடிந்தாலும் கிளைவ் பாதியில் ஊர் திரும்ப மாட்டார்.

"என் முட்டி தாங்குமான்னுதான் யோசிக்கிறேன்" என்றார் கிளைவ், முழங்காலைத் தடவியபடி.

"முதல் வகுப்பு போடுங்க. காலை நீட்டி உக்காரலாம்."

"முதல் வகுப்பா? நாங்க என்ன மந்திரிக்குச் சம்பந்தியா?"

"காலம் பூரா அடுத்தவன் பிள்ளைங்களை உக்கார வச்சு ஓட்டினீங்க. ஒரு தடவை நீங்க சொகுசா உக்காந்து போனா குறைஞ்சா போயிடும்? போகும்போது கூடவா கொண்டு போகப்போறீங்க?"

கிளைவும் மோரீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் சொல்றதும் சரிதானே" என்றார் மோரீன். "போட்டுடுப்பா."

தன் பேச்சுத் திறமையை நினைத்து ரஸ்ஸலுக்கே பெருமையாக இருந்தது. விமான நிலையத்துக்கு அவனே காரோட்டி, பெட்டிகளையும் அவனே தூக்கிக் கொடுத்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக மோரீன் வீட்டுச் சாவியைக் கொடுத்தபோது அவன் கண் கலங்கியது உண்மைதான்.

அன்றே கொல்லையில் இறங்கினான். ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்தான். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது, முதுகு நிமிர மறுத்தது. பாதிக் கொல்லையைத் தோண்டியாகிவிட்டது, டப்பாவைக் காணோம். பரவாயில்லை, இன்னும் பாதி இருக்கிறது என்று துணிக்கொடி அருகே மண்வெட்டியைப் போட்டபோது கைபேசி அடித்தது.

மோரீன்தான். "ரஸ்ஸல், நாங்க சுவிட்சர்லாந்துல ரயில்ல போயிட்டிருக்கோம். ஜன்னல் பூரா பனிமலை. கிளைவ் காலை நீட்டிக் குறட்டை விடறார். எல்லாம் உன் புண்ணியம்."

"சந்தோஷம்" என்றான் ரஸ்ஸல், மூச்சு வாங்கியபடி.

"இவ்வளவு பண்ணின உன்கிட்ட மறைக்க மனசு கேக்கலப்பா. எங்க பென்ஷன்ல முதல் வகுப்பு கட்டுப்படியாகுமா, நீயே சொல்லு. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்க பையன் இவருக்குத் தங்கம் தேடற கருவி ஒண்ணு வாங்கிக் கொடுத்தான். நம்ம ஊர்லதான் ஞாயித்துக்கிழமையானா ஆளாளுக்கு அதைத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போறாங்களே. இவருக்குக் காடு வரைக்கும் போகச் சோம்பல். வேலை செய்யுதான்னு பார்க்கக் கொல்லையிலேயே வச்சுப் பார்த்தார். ஒரு டப்பா நிறைய, ரஸ்ஸல். தோண்டின அடையாளம் தெரியக்கூடாதுன்னுதான் அந்தச் செங்கல்லையே பாவினோம்."

ரஸ்ஸல் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குப்பா. அடுத்த வருஷம் ஜப்பானுக்கும் நீதான் டிக்கெட் பார்த்துத் தரணும், முதல் வகுப்பே போட்டுடு."