ரிச்மண்டா, லூயிவில்லா?

“ரிச்மண்டுக்கும் போறீங்க, லூயிவில்லுக்கும் போறீங்க. எந்த ஊர்ல ரோட்டுல அதிகமா அடிபடுறாங்க, ஹார்லன்?”

தட்டில் முட்டையைக் கிளறிக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஹார்லன் நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருடமாக பெக்லி நெடுஞ்சாலை ஓரத்து இந்த உணவகத்துக்கு வருகிறார். பரிமாறும் டார்லா இதுவரை அவரிடம் கேட்டதெல்லாம் காப்பி இன்னும் வேண்டுமா என்பது மட்டும்தான்.

“சாப்பிடுற நேரத்துல கேக்குற கேள்வியா இது?”

“ஊரை மாத்துறோம். நானும் என் பையன் வெஸ்லியும். ரெண்டுல ஒரு ஊர்தான். அஞ்சு மணிக்குள்ள எதுன்னு சொல்லியாகணும்.”

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே கால். காப்பிக் குடுவையோடு டார்லா அதையே பார்த்தாள். தப்பான ஊரைச் சொன்னால் மகன் இருக்க மாட்டான். பத்தொன்பது வயது. மூன்று வாரமாக இந்தப் பயம்தான் அவளோடு படுத்து அவளோடு எழுந்தது.

“லூயிவில்னா வாடகை பரவாயில்ல. வெயில் காலத்துல மட்டும் புழுங்கித் தள்ளும். ரிச்மண்டுல...”

“வாடகை வேணாம். ரோட்டைச் சொல்லுங்க.”

“பையன் இங்கதானே பாத்திரம் கழுவிட்டு இருந்தான்? இப்ப என்ன பண்றான்?”

“வீட்லதான் இருக்கான். வெளிய விடுறதில்ல.”

ஹார்லன் குரலைத் தாழ்த்தினார். “மாத்திரை கீத்திரைன்னு பழகிட்டானா? இல்ல, எவனாவது தேடுறானா?”

“அதெல்லாம் இல்ல. நேரம் இல்ல, அவ்வளவுதான்.”

அவர் நம்பவில்லை. இந்த மலைப்பக்கத்தில் பிள்ளையோடு ஊரை விட்டு ஓடிய தாய்மார்களை அவருக்கும் தெரியும். மேற்கொண்டு துருவாமல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“சரி, கேளு. பைக்தான் பெரிய எமன். ரிச்மண்ட் இருக்கறது வர்ஜீனியாவுல. அங்க ஹெல்மெட் இல்லாம ஒருத்தன் வண்டி எடுத்தா போலீஸ்காரன் விடமாட்டான். லூயிவில் இருக்கற கென்டக்கில அப்படி இல்ல. இருபத்தோரு வயசு தாண்டிட்டா கேக்க ஆளில்ல. லூயிவில்ல சனிக்கிழமை சாயங்காலம் பாரு, தலைமுடி பறக்கப் பறக்கப் போவானுங்க.”

“எல்லாம் சின்ன வயசுப் பசங்களா?”

“பெரும்பாலும். காளை மாதிரி இருப்பானுங்க. தலையில மட்டும்தான் ஒண்ணும் கிடையாது, உள்ளயும் சரி, வெளியவும் சரி.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆர்டர் எழுதும் சீட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள்.

“அடிபட்டா ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துடுமா?”

“அதுல குறை சொல்ல முடியாது. ரோட்டுலயே உயிர் போறவன் கம்மி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் மெஷின்ல போட்டுடுவாங்க. ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சுத்தான் வீட்டுக்காரங்ககிட்ட மூளை செத்துடுச்சும்பாங்க.”

டார்லா பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

“நான் ஒரு முட்டாள். பயந்துபோய் இருக்கறவகிட்ட இதையெல்லாம் போய் சொல்லிட்டு இருக்கேன்,” என்றார் ஹார்லன். “ஆனா சொல்லாம இருக்க முடியல. என் பையன் க்ளே லூயிவில்லதான் இருக்கான். இருபத்தி ரெண்டு. வெறுந்தலையோடதான் ஓட்டுறான். போன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்கு.”

அவள் குறித்த சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

“அவனுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுங்க. இந்த வாரமே. போட்டுக்கலன்னா அடிங்க.”

“என்னைவிட ஒரு அடி உயரம் அவன். என் பேச்சைக் கேட்டு நீயாவது ரிச்மண்டுக்குப் போ. பெத்த பிள்ளை உயிரோட இருக்கணும்னா அதுதான் ஊர்.”

அவள் தலையாட்டினாள். அவர் கோப்பையை நிரப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே போனாள். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று போனை எடுத்தாள். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்தாள்.

“வெஸ்லியோட அம்மா பேசுறேன். லூயிவில்.”

“நல்லா யோசிச்சுட்டீங்களா, மேடம்? இன்ஷூரன்ஸ் ஒரு ஊருக்குத்தான் ஒத்துக்கும். அப்புறம் மாத்த முடியாது.”

“லூயிவில்தான்.”

“சரி, அங்க இருக்கற ஆஸ்பத்திரி பட்டியல்ல வெஸ்லி பேரை இன்னிக்கே ஏத்திடறேன். உங்க பையனுக்குப் பொருந்தற மாதிரி ஒரு இதயம் கிடைச்சதும் கூப்பிடுறோம்.”