ரைட்டு

யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் உசிலம்பட்டிச் சந்தை முனையில் உறுமிக்கொண்டு நிற்கிறது. புகைக்குள் காலை வெயில் மஞ்சளாய்க் கலங்குகிறது. நேற்றுவரை அதில் கண்டக்டராக இருந்த கருத்தக்கண்ணன், இன்று பட்டாளத்துக்குப் போகிறவனாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி மாயக்காள் கீழே நிற்கிறாள். பஸ்ஸைக் கிளப்ப அவன் கொடுக்கும் குரல் 'ரைட்டு'. வீட்டிலும் அவனுக்கு அந்த ஒரு சொல்தான். குழம்பில் உப்புச் சேர்ந்திருந்தால் ரைட்டு. சண்டை ஓய்ந்து சோற்றுக்கு உட்காரும்போதும் ரைட்டு. பிள்ளை கண்ணயர்ந்துவிட்டால், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, காற்றாக ஒரு ரைட்டு. புதுக் கண்டக்டர் பேயாண்டி படியில் தயங்குகிறான். "இன்னைக்கு நீங்களே சொல்லுங்கண்ணே." கருத்தக்கண்ணன் வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். மாயக்காள் பஸ்ஸின் சுடுதகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். "ரைட்டு" என்கிறாள்.